உறைந்துபோன குப்பியும் பனித்திட்டுக் குழந்தையும்

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் ஆய்வுக்கூடத்திலிருந்து சுகன்யா ஃபோன் செய்தாள். என் இடத்தில் இப்போது வேலை பார்ப்பவள். "அக்கா, புது மாதிரி குழாய் வந்துடுச்சு. ஆன்டிபாடிய அதுக்குள்ளயே காய வெச்சு அனுப்பிடறாங்க. ரத்தத்த வுட்டு மெஷின்ல வெச்சா போதும். ஆனா பழைய நோட்டுல ஒரு பக்கம் முழுக்க 'கன்ட்ரோல் - என் ரத்தம்', 'கன்ட்ரோல் - என் ரத்தம்'னு எழுதி வெச்சிருக்கீங்க. அது இன்னாக்கா கதை?" என்று கேட்டாள். ஃபோனில் சொல்லி முடிகிற கதை இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

என் ஊர் வில்லியனூருக்குப் பக்கத்தில் உறுவையாறு. அப்பா கரும்பும் நெல்லும் வைத்தவர். லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்ததும் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. மலேரியாவுக்கு ரத்தப் பூச்சு பார்ப்பதும் சளி பார்ப்பதுமாகவே பல வருஷம் போயிற்று. அதற்குப் பிறகு நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே நோயெதிர்ப்புப் பிரிவில் ஃப்ளோ சைட்டோமீட்டர் என்று ஒரு மெஷினை வாங்கி வைத்திருந்தார்கள். அதைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. புதிதாக வந்தவள் என்பதால் என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். கடைசிவரை அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிரிவுக்குத் தலைமை டாக்டர் வசந்தா. தஞ்சாவூர்ப் பக்கம். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யாரையும் பாராட்டியும் கேட்டதில்லை. ரிசல்ட்டைக் கொண்டுபோய் நீட்டினால் முதலில் நோயாளியின் பெயரைப் பார்க்க மாட்டார். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தம் வைத்து ஓட்டும் கன்ட்ரோல் குழாயின் படத்தைத்தான் பார்ப்பார். அது சரியில்லை என்றால் மீதியைப் பார்க்காமலே தாளைத் திருப்பித் தந்துவிடுவார்.

"மினா, ஒருத்தர்கிட்ட ஒண்ணு இல்லைன்னு எழுதறதுக்கு முன்னாடி, இருக்கறவங்ககிட்ட அது இருக்குன்னு எனக்குக் காட்டுங்க" என்பார். என் முழுப்பெயர் பிலோமினா. அவருக்கு நான் மினா.

நாங்கள் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் ரத்தத்தில் இருக்கும் நோயெதிர்ப்புச் செல்கள் தாமாக உயிரோடு இருப்பதில்லை. 'இரு, செத்துவிடாதே' என்று உடம்பு அவற்றுக்கு ஓயாமல் சேதி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சேதியை வாங்கிக்கொள்ளச் செல்லின் மேல்தோலில் நீட்டிக்கொண்டிருப்பதுதான் ரிசெப்டர். அது இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்க முடியாது. அதன்மேல் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி ஒன்று சின்னக் குப்பியில் வரும். அதன் வாலில் ஒரு சாயம் கட்டியிருக்கும். ரத்தத்தில் ஐந்து மைக்ரோலிட்டர் கலந்து, இருட்டில் இருபது நிமிஷம் வைத்து, சிவப்பணுக்களை உடைத்து, கழுவி, மெஷினில் விட்டால், ஒவ்வொரு செல்லாக லேசர் வெளிச்சத்தைக் கடந்து போகும். ரிசெப்டர் இருக்கும் செல் ஒளிரும். திரையில் ஒரு மேடு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நகர்ந்து நிற்கும். இல்லாவிட்டால் இடப்பக்கமே கிடக்கும். இந்த ஆன்டிபாடி ரொம்ப மங்கலாகத்தான் ஒளிரும். மேடு கொஞ்சம்தான் நகரும். அந்தக் கொஞ்சத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

குப்பியைக் குளிரில் வைக்க வேண்டும். ஆனால் உறைய விடக்கூடாது. உறைந்தால் சாயம் செத்துவிடும். இது எனக்குத் தெரியாதது இல்லை.

பனித்திட்டு என்கிற கடலோர ஊரிலிருந்து அந்தக் குழந்தை வந்தது ஒரு திங்கட்கிழமை. பெயர் கவின். நாலு மாசத்து ஆண் குழந்தை. வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. இருமல் நிற்கவே இல்லை. எடை ஏறவில்லை. அப்பா வேலு கடலுக்குப் போகிறவர். அம்மா அமுதா. முதலில் பிறந்தது பெண், யாழினி, ஆறு வயசு. அடுத்து ஒரு பையன். அவனும் இப்படித்தான் இருமி இருமி, ஐந்தாம் மாசத்தில் இறந்துபோனான். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. இவன் மூன்றாவது.

குழந்தைகள் பிரிவு டாக்டருக்குச் சந்தேகம் வந்து ரத்தத்தை எங்களுக்கு அனுப்பினார். சாதாரண ஆன்டிபாடிகளைப் போட்டுப் பார்த்தேன். நோயெதிர்ப்புச் செல்களில் டி செல்கள் என்ற வகை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பி செல்கள் என்ற இன்னொரு வகை மட்டும் நிறைய இருந்தது. சேதி வாங்கும் அந்த ரிசெப்டர் பிறவியிலேயே இல்லாத ஆண் குழந்தைகளுக்கு இப்படித்தான் இருக்கும். பி செல் மட்டும் வேறு வழியில் பிழைத்துக்கொள்ளும். ஆகவே அதன்மேல் ரிசெப்டரைத் தேடிப் பார்த்தால் உறுதியாகச் சொல்லிவிடலாம். எலும்பு மஜ்ஜை மாற்றும் வெளியூர் மருத்துவமனை அதைத்தான் கேட்டது. 'எந்தக் குறை என்று சொல்லுங்கள், உடனே எடுத்துக்கொள்கிறோம்' என்றார்கள். மரபணுப் பரிசோதனை முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். குழந்தையிடம் அத்தனை வாரம் இல்லை.

குப்பியை எடுத்தேன். குழந்தையின் குழாயை முதலில் ஓட்டினேன். மேடு நகரவே இல்லை. நாங்கள் எதிர்பார்த்ததுதான். குழந்தைகள் பிரிவுக்கு ஃபோன் செய்யக் கை போய்விட்டது. பக்கத்தில் என் சொந்த ரத்தம் வைத்த கன்ட்ரோல் குழாய் இன்னும் ஓடாமல் இருந்தது. மேடத்துக்குக் காட்ட வேண்டுமே என்று அதையும் ஓட்டினேன்.

என்னுடையதும் நகரவில்லை.

எனக்கு அந்த ரிசெப்டர் இல்லையென்றால் நான் பிறந்த வருஷமே செத்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜைத் திறந்தேன். போன வாரம் புதுப் பெட்டிகள் வந்தபோது இடம் பண்ண, இந்தக் குப்பியைப் பின்னால் தள்ளியது நான்தான். பின்சுவரில் பனி படிந்து கிடந்தது. குப்பி நின்ற இடத்தில் அதன் அடிப்பாகம் வட்டமாகப் பதிந்திருந்தது. காலையில் எடுத்தபோது குப்பி கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை நான் யோசிக்கவில்லை.

வசந்தா மேடம் அறைக்குப் போய் நின்றேன். "குப்பி உறைஞ்சுபோச்சு மேடம். நான்தான் பின்னாடி தள்ளி வெச்சேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரிசல்ட் சொல்லிட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"நல்லது. ரெஜிஸ்டர்ல எழுதுங்க. யார், எப்போ, எப்படின்னு. உங்க கையெழுத்துல." நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, "புதுசு வர எத்தனை நாள்?" என்றார்.

"ஆர்டர் போட்டா மூணு வாரம்."

"அது ஆகாது. வேற யார்கிட்ட இருக்கும்?" என்று சொல்லிக்கொண்டே ஃபோனை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தத் தவறைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

சென்னையில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் அதே ஆன்டிபாடியை வைத்து வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தது. நாற்பது மைக்ரோலிட்டர் தருவதாகச் சொன்னார்கள். ஒரு துளிதான். ஆனால் எட்டுக் குழாய்க்குப் போதும். கூரியரில் அனுப்ப மேடம் ஒப்பவில்லை. "நான் போறேன் மேடம்" என்றேன்.

போவதற்கு முன் வார்டுக்குப் போனேன். ரிசல்ட் தாமதமாகும் என்று நான்தான் சொல்ல வேண்டும். குழந்தையைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். வாசலில் வேலு துணிப்பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வூட்டுக்கு இட்டுனு போறோம் மேடம்" என்றார். "மூத்தவன இப்டித்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா தூக்கினு திரிஞ்சோம். ஊசி குத்தாத எடமில்ல. கடைசில இன்னா ஆச்சு? இவனாவது வூட்ல கெடக்கட்டும்."

"ரெண்டு நாள் குடுங்க" என்றேன். "மருந்து கெட்டுப்போச்சு. என்னாலதான் கெட்டுப்போச்சு. வேற எடுத்துனு வரப் போறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளேயிருந்து அமுதாவின் குரல் மட்டும் வந்தது. "இருப்போம்யா. தப்ப தன் வாயால சொல்றாங்க இல்ல. இருப்போம்."

மறுநாள் விடியற்காலைப் பஸ்ஸில் கிளம்பினேன். சென்னையில் ஒரு பெண் விஞ்ஞானி துளியை அளந்து, அலுமினியத் தாளில் சுற்றித் தந்தார். கொண்டுபோன பெட்டியில் ஜெல் பைகள், நடுவில் நாலு மடிப்புச் செய்தித்தாள், அதற்குள் குழாய், பக்கத்தில் தெர்மாமீட்டர். முள் இரண்டுக்குக் கீழேயும் போகக்கூடாது, எட்டுக்கு மேலேயும் போகக்கூடாது. திரும்பும்போது வெயில் மேற்கிலிருந்து அடிக்கும் என்று கடல் பக்கத்து ஜன்னலோரமாக உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னாம்மா பாக்ஸுல? மீனா?" என்று கண்டக்டர் கேட்டார். "மருந்துப்பா" என்றேன். "நாத்தம் அடிக்காதுல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மரக்காணம் வந்ததும் பஸ் நின்றுவிட்டது. ரேடியேட்டரில் புகை. எல்லோரும் இறங்கி நிழல் தேடினார்கள். அடுத்த பஸ் நிரம்பி வழிந்தது. ஏற முடியவில்லை. முள் ஆறிலிருந்து ஏழுக்கு வந்தது. ஜெல் பைகள் இளகிப்போயிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழையும் தாண்டியது. ரோட்டோரம் ஒரு அம்மா மீன் கூறு போட்டு விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் தெர்மோகோல் பெட்டி.

"எம்மா, கொஞ்சம் ஐஸ் குடுக்கறியா?"

"மீனு வாங்கலியா?"

"மீனு வேணாம்மா. ஒரு கொழந்தைக்கு மருந்து எடுத்துனு போறேன். சூடாவுது."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. ஒரு கவரைத் தேடி எடுத்து, உடைத்த ஐஸை அள்ளிப் போட்டு, வாயை முறுக்கிக் கட்டித் தந்தார். "மேல ஒட்டிக்கப் போவுது, பேப்பர் வெச்சிக்க" என்றார். நான் ஒரு வாரத்துக்கு முன் மறந்ததை அவர் எனக்குச் சொன்னார். அவருடைய பேப்பரையே வாங்கி இன்னொரு மடிப்பு வைத்தேன். முள் ஐந்தில் வந்து நின்றது.

நாலு மணிக்கு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தேன். மேடம் தயாராக இருந்தார். குழந்தையின் ரத்தம் புதிதாக எடுத்து வந்திருந்தது. அமுதாவின் ரத்தமும் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. வயசில் பெரியவளான என் ரத்தம் மட்டும் கன்ட்ரோலாகப் போதாது, அதே வயசுக் குழந்தை ஒன்றும் வேண்டும் என்று மேடம் வார்டில் போய்க் கேட்டிருக்கிறார். வயிற்றுப்போக்குக்குச் சேர்ந்திருந்த காட்டேரிக்குப்பத்துக் குழந்தை ஒன்று. அதற்குக் காலையில் எடுத்த ரத்தத்தில் மிச்சம் இருந்தது. அந்தத் தாய், "எம்புள்ள ரத்தம் இன்னொரு புள்ளைக்கு ஒதவும்னா எடுத்துக்கங்க" என்றாளாம்.

என் கையிலிருந்து மேடமே ரத்தம் எடுத்தார். பிறகு நாலு குழாய்களையும் தன் அறைக்குள் கொண்டுபோய், பெயர்ச்சீட்டை மறைத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஒட்டிக்கொண்டு வந்தார்.

"எது யாருன்னு உங்களுக்குத் தெரிய வேண்டாம். நீங்க ரொம்ப ஆசைப்படறீங்க மினா. ஆசை இருந்தா கண்ணு தப்பாப் பார்க்கும்" என்றார்.

எட்டுத் தடவைக்கான துளியில் நாலு போயிற்று. துளி அளக்கும் பிப்பெட்டின் முனையை ஒவ்வொரு குழாயிலும் சுவரில் தொட்டு இறக்கினேன். இருட்டில் இருபது நிமிஷம். கழுவினேன். ஒன்று ஓடியது. மேடு வலப்பக்கம் நகர்ந்தது. மூச்சு வந்தது, ஆன்டிபாடி உயிரோடுதான் இருக்கிறது. இரண்டு நகர்ந்தது. மூன்று நகரவில்லை. ஒப்பிடுவதற்காக ஓட்டியிருந்த, சாயமே போடாத குழாயின் மேட்டின் மேல் அச்சாகப் படிந்து கிடந்தது. நாலு நகர்ந்தது.

"மூணு" என்றேன்.

"மறுபடி" என்றார் மேடம். நம்பர்களை மாற்றி ஒட்டிக்கொண்டு வந்தார். மீதி நாலும் போயிற்று. இந்தத் தடவை முதல் குழாயே நகரவில்லை. மற்ற மூன்றும் நகர்ந்தன.

"ஒண்ணு" என்றேன். அவர் மடித்து வைத்திருந்த இரண்டு சீட்டுகளையும் பிரித்து மேஜைமேல் வைத்தார். இரண்டிலும் கவின்.

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. நான் கொண்டுவந்த துளி வேலை செய்துவிட்டது. அடுத்த நிமிஷமே கூசிப்போனேன். ஒரு குழந்தைக்கு உயிரைப் பறிக்கும் குறை இருக்கிறது என்று தெரிந்ததற்கா சந்தோஷப்படுகிறேன்? மேடம் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "தெரிஞ்சாதான் செய்ய முடியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். வெளியூர் மருத்துவமனைக்கு அன்று சாயங்காலமே தகவல் போயிற்று.

மறுநாள் பெற்றவர்களிடம் சொல்லும்போது குழந்தைகள் பிரிவு டாக்டரும் மேடமும் என்னையும் கூட வைத்துக்கொண்டார்கள். "நாங்க சொன்னா புஸ்தகம் மாதிரி இருக்கும். நீங்க உங்க ஊர்ப் பேச்சுல சொல்லுங்க" என்றார் மேடம். வார்டு வெராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். உடம்பு சொல்கிற சேதியைக் கேட்க இவன் செல்களுக்குக் காது இல்லை, ஆகவே அவை செத்துப்போகின்றன, சண்டை போட ஆள் இல்லாமல் இருக்கிறது உடம்பு என்று சொன்னேன்.

வேலு தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். "மூத்தவனுக்கும் இதானா?"

"அவன் ரத்தத்த யாரும் பாக்கல. ஆனா இதாத்தான் இருந்திருக்கும்."

அமுதா, "எம்பாலு ஆவலன்னு சொன்னாங்கக்கா" என்றாள். "எங்க மாமியா, அக்கம்பக்கம் எல்லாரும். எம்பாலு குடிச்சிதான் போச்சின்னு. இவனுக்குக் குடுக்கறப்பல்லாம் பயந்துனே குடுப்பேன்."

"பால்ல ஒண்ணுமில்ல" என்றேன். இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மீதியையும் சொல்ல வேண்டியிருந்தது. என்னால் முடியாமல் மேடத்தைப் பார்த்தேன். மேடம் பெஞ்சிலிருந்து எழுந்து அமுதாவின் முன்னால் குனிந்து உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படித் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இது அம்மா வழியாத்தான் பையனுக்கு வரும் அமுதா. உனக்கு ஒண்ணும் செய்யாது. உங்கிட்ட இருக்குன்னு உனக்கே தெரியாது. கண்ணு நிறம் மாதிரி வர்றது. நீ செஞ்சது எதுவும் காரணமில்ல. செய்யாம விட்டதும் காரணமில்ல."

"எங்கிட்டேர்ந்துதானா?" என்று அமுதா கேட்டாள். வேலு எழுந்து போய்விடுவாரோ என்று நான் பயந்தேன். அவர் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "யாழினியும் உங்கிட்டேர்ந்துதான வந்தா" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "இப்ப இன்னா செய்யணும்? சொல்லுங்க" என்றார். முந்தாநாள் அவர் கட்டிய துணிப்பை கட்டிலுக்கடியில் அவிழ்ந்து கிடந்தது.

செய்ய வேண்டியது, பொருத்தமான ஒருவரின் மஜ்ஜையைக் கொடுப்பது. கூடப் பிறந்தவர்கள் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. யாழினியைக் கூட்டிவந்தார்கள். இரட்டைப் பின்னல், பள்ளிக்கூட யூனிஃபார்ம். நான்தான் ரத்தம் எடுத்தேன்.

"வலிக்குமா?"

"எறும்பு கடிக்கற மாதிரி இருக்கும்."

"எந்த எறும்பு? செவ்வெறும்பா?"

"ஆமா, செவ்வெறும்பு" என்று ஒப்புக்கொண்டேன். அவள் கண்ணை மூடவில்லை. குழாயில் ரத்தம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தம்பிக்கு அது போதுமா?" என்று கேட்டாள்.

பொருந்தியது. எல்லாமே பொருந்தியது. வெளியூர் மருத்துவமனையிலிருந்து ஃபோன் வந்தபோது குழந்தைகள் பிரிவு டாக்டர் மாடிப்படியில் ஓடி வந்து சொன்னார்.

சிகிச்சை நடந்தது. நடுவில் ஒரு தடவை நுரையீரலில் தொற்று வந்து, பிழைப்பானா என்று இருந்ததாக அமுதா பின்னால் சொன்னாள். மாதங்கள் கழித்து ஊர் திரும்பினார்கள். அடிக்கடி பரிசோதிக்க வேண்டும் என்பதால் ரத்தம் எங்களிடம் வந்தது. அதற்குள் புதுக் குப்பி வந்திருந்தது. ஃபிரிட்ஜின் கதவோரத் தட்டில், நான் வரைந்த சிவப்புக் கோட்டுக்கு முன்னால் அதற்கு இடம்.

முதலில் என் ரத்தம். நகர்ந்தது. பிறகு கவினுடையது. காலியாகக் கிடந்த இடத்தில் டி செல்கள் கூட்டமாக நின்றன. அந்தச் செல்களின் மேல் ரிசெப்டரைப் பார்த்தேன். மேடு வலப்பக்கம் போய் நின்றது. எல்லாம் அவன் அக்காவுடையவை. பி செல்கள் மட்டும் இன்னும் அவனுடையவைதான், இடப்பக்கமே கிடந்தன. அதற்காக மாதாமாதம் மருந்து ஏற்ற வேண்டியிருந்தது, இன்றும் ஏற்றுகிறார்கள். முழுசாகச் சரியாகிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மேடம் வழக்கம்போல முதலில் கன்ட்ரோலைப் பார்த்தார். பிறகு கவினுடைய படத்தைப் பார்த்தார். அதைத் திருப்பித் தராமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

ஆனாலும் மெஷின் காட்டுவது திரையில் ஒரு மேடு. அது உடம்புக்குள் போய்ச் சண்டை போடுமா என்பதை உடம்புதான் சொல்ல வேண்டும். அமுதா அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தாள். வீட்டில் யாரும் தும்மினால்கூட அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவாளாம்.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் மதியம் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது அவளிடமிருந்து ஃபோன். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"இன்னாம்மா, இன்னா ஆச்சு?"

"யாழினிக்கு சளி புடிச்சிதுக்கா. இவனுக்கும் தொத்திக்கிச்சி. காய்ச்சல், மூக்கொழுவல், எல்லாம். டாக்டராண்ட காட்டினோம். பாத்துக்கலாம்னாரு. நான் தூங்கவேயில்ல."

"இப்ப எப்டி இருக்கான்?"

"போயிடுச்சிக்கா! தானா போயிடுச்சி. காலைல எழுந்து இட்லி கேக்கறான்."

மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"எத்தனை நாள் இருந்துச்சு?" என்றார்.

"மூணு நாள் மேடம்."

"மூணு நாள்" என்றார். "எல்லாக் குழந்தைக்கும் அவ்வளவுதான் இருக்கும்." அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். அவருக்குக் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.